ஆண் மீனின் குருதி

கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயத் தொழில் 1985-ஆம் ஆண்டின் விலைவீழ்ச்சியால் ஒடுங்கிற்று. லம்பம் தோண்டிய குட்டைகளோ இன்றும் ஈப்போவைச் சூழ்ந்து கிடக்கின்றன. அக்குட்டை மீனை உண்டு வளர்ந்த தோட்டப் பிள்ளைகளுள் நானும் ஒருவன். விராலின் முட்டை நீர்மேல் மிதக்கும். கெளிற்றின் முட்டை புல்லில் ஒட்டும். ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் சாவகத்தினின்று வந்த திலாப்பியா தன் முட்டைகளை வாயில் வைத்துக் காக்கும். பால் வெட்டித் திரும்பி மீன் அரியும் அம்மா எனக்குச் சொன்ன பாடங்கள் இவை. ஏன் இந்த வேற்றுமை என்னும் வினா மட்டும் என்னோடு வளர்ந்தது.

மஞ்சட்கரு முட்டையிலேயே பிறப்பதன்று. தாய்மீனின் ஈரல் ஒரு புரதத்தை ஆக்கிக் குருதியில் விடுகிறது. சினைப்பை அதை ஏற்றுக் கருவாக்குகிறது. விட்டெல்லோஜெனின் என்பது அதன் பெயர். அஃது ஒரே வார்ப்பும் அன்று. விராலும் திலாப்பியாவும் சேர்ந்த பெருங்கிளையில் பொதுவாக மூன்று வகைகள் உண்டு. கெண்டைக் குடும்பத்தில் அமைப்பே வேறு. கடல்மீன் பலவற்றில் ஒரு வகை முற்றும் கரைந்து, நீரை உள்ளிழுத்து, முட்டையை மிதக்கச் செய்கிறது. நம் விரால் முட்டைக்கோ எண்ணெய்த் துளியே தெப்பம்.

நிற்க. இப்புரதத்தை ஆக்கும் ஆற்றல் ஆண் மீனிடத்தும் உறங்கிக் கிடக்கிறது. பெண்மைச் சுரப்பு நீரில் கலந்தால் அது விழித்துக்கொள்ளும். 1990-களில் இங்கிலாந்தில் நகரக் கழிவுநீர் பாயும் ஆறுகளின் ஆண் மீன்களில் இப்புரதம் காணப்பட்டது. மலத்தோடும் சிறுநீரோடும் கழிந்த சுரப்புகளும், கருத்தடை மாத்திரையின் எச்சமும், சில ஆலைக் கழிவுகளும் காரணமென அறிந்தனர். அன்றுமுதல் ஆண் மீனின் குருதி நீர்நிலையின் நோயைக் காட்டும் நாடியாயிற்று.

ஈண்டுதான் குடும்ப வேற்றுமை நம்மைத் தொடுகிறது. கெண்டையின் புரதத்துக்கென ஆக்கிய சோதனை மருந்து அதன் நெருங்கிய உறவுகளிடம் செல்லும். தொலைவுக் குடும்பங்களிடம் மங்கிவிடும். மேனாட்டு மீனுக்கு அமைந்த மருந்தை விராலின் குருதியில் இட்டு, ஒன்றும் தோன்றவில்லை என்பதனால் நீர் தூயது எனத் தீர்ப்புச் சொல்லலாகுமோ? பிறர் வீட்டுத் திறவுகோல் நம் பூட்டைத் திறவாதது பூட்டின் குற்றமன்று.

நம் நீரை நம் மீனைக்கொண்டே அறிதல் வேண்டும். அதற்கு விராலையும் பனையேறியையும் கெளிற்றையும் ஆய்ந்தறியும் கைகள் தேவை. குட்டையை நன்கறிந்த தோட்டத்து வீடுகளிலிருந்து அக்கைகள் எழுமாயின், அதனினும் நன்று வேறில்லை. பெற்றோரே, மீன் பிடிக்கும் பிள்ளையைக் கடிந்து விரட்டாதீர். அவன் கையில் உயிரியல் நூலையும் கொடுங்கள்.