அப்பாவின் டட்சனுக்கு இரண்டு மின்விசிறிகள்

பழைய காடி வைத்திருக்கும் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. ஜாமில் நின்றதும் எல்லாருடைய கண்ணும் வெப்பத்தைக் காட்டும் முள்ளுக்குப் போய்விடும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். முள் பாதியைத் தாண்டினால் அப்பா ஏர்கோனை அணைப்பார். முக்காலைத் தொட்டால் கண்ணாடிகளை இறக்கச் சொல்லிவிட்டு, கியரை நியூட்ரலில் போட்டு ஆக்சிலேட்டரை மிதிப்பார். எஞ்சின் உறுமும், முள் கொஞ்சம் இறங்கும். சூடாக இருக்கும் எஞ்சினை இன்னும் உறும விட்டால் எப்படிக் குளிரும் என்று சின்ன வயதில் எனக்குப் புரியவே இல்லை.

காடி டட்சன் 120வை. 1978-இல் பதிவானது. 1171 சிசி, ஏ12 எஞ்சின். நான் பிறப்பதற்கு முன்பே அப்பா அதை இரண்டாம் கையாக வாங்கிவிட்டார். என் பள்ளிக்கூடம், தைப்பூசத்துக்குப் பத்துமலை, தீபாவளிக்குத் தாப்பாவில் பாட்டி வீடு என்று எல்லாவற்றுக்கும் ஓடிய காடி. வேலைக்குப் போன பிறகு நான் ஒரு மைவி வாங்கினேன். அப்பா அதில் உட்கார்ந்து வருவார், ஓட்ட மாட்டார். "இதுல ஒண்ணும் காதுல விழல" என்பார்.

இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, அம்மாவுக்கு டயாலிசிஸ் தொடங்கும் வரை. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். எனக்கோ வானொலியில் காலை நேர நிகழ்ச்சி. விடியுமுன் நான் வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுவேன். அம்மாவைக் கொண்டுபோய் விட்டு, காத்திருந்து கூட்டிவருவது அப்பாதான். காலையில் போகும்போது பிரச்சினை இல்லை. திரும்பும்போது நண்பகல் ஆகிவிடும். கிள்ளானில் மேரு சாலைப் பக்கம் அந்த நேரத்தில் போனவர்களுக்குத் தெரியும், பள்ளிக்கூடப் பேருந்தும் லோரியும் மோட்டார் சைக்கிளும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கும். உள்ளே டயாலிசிஸ் முடிந்து ரத்த அழுத்தம் இறங்கிப்போய், கண்ணை மூடிக்கொண்டு அம்மா. அந்த நேரம் பார்த்து அப்பா ஏர்கோனை அணைக்க வேண்டியிருக்கும்.

ஒரு நாள் அணைத்தும் போதவில்லை. தண்ணீர் கொதித்து வெளியே வந்து, சாலையோர மரத்தடியில் அம்மாவை உட்கார வைத்துவிட்டு அப்பா எனக்குப் போன் செய்தார். அன்று மாலை வீட்டில் பேச்சு கொஞ்சம் கடுமையாகவே நடந்தது. காடியை விற்றுவிடலாம் என்பது என் கட்சி. அம்மா எந்தக் கட்சியிலும் சேரவில்லை. "எதுலயாவது கொண்டு போங்க, வேர்க்காம இருந்தா சரி" என்றார்.

விற்பதற்கு முன் ஒரு தடவை போமனிடம் காட்டலாம் என்று அப்பா கேட்டார். காப்பாரில் சின்னதாகப் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் அவர். அப்பாவின் பழைய சிநேகிதர் மகன். முன்மூடியைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, ஏர்கோனையும் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு பத்து நிமிடம் சும்மா பார்த்தார். பிறகு சொன்னார்:

"அங்கிள், உங்க ஃபேன் கெட்டுப் போகல. ஆனா அது எஞ்சினோட கைய பிடிச்சுக்கிட்டு ஓடுது. எஞ்சின் நடந்தா நடக்கும், ஓடுனா ஓடும்."

அப்போதுதான் அப்பாவின் நியூட்ரல் வைத்தியம் எனக்கு விளங்கியது. இந்தக் காடியில் ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் விசிறி வாட்டர் பம்ப்பின் முனையில் முடுக்கப்பட்டிருக்கிறது. எஞ்சின் பெல்ட்தான் அதைச் சுற்றுகிறது. ஜாமில் எஞ்சின் நிமிடத்துக்கு 700, 800 சுற்றுதான் சுற்றும். ஏர்கோன் கம்ப்ரசர் இழுத்தால் அதுவும் குறையும். விசிறியும் அதே அளவுக்குச் சோம்பிவிடும். எதிர்க்காற்றும் இல்லை. போதாததற்கு ரேடியேட்டருக்கு முன்னால் ஏர்கோனின் கண்டென்சர் உட்கார்ந்துகொண்டு, அறையிலிருந்து எடுத்த சூட்டையெல்லாம் ரேடியேட்டர் மேலேயே தள்ளுகிறது. ஆக, காற்று அதிகம் தேவைப்படும் நேரத்தில்தான் விசிறி குறைவாக வீசுகிறது.

நெடுஞ்சாலையில் நேர்மாறு. 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குப் போதும். ஆனால் எஞ்சின் 3500 சுற்றில் ஓடுவதால் விசிறி வெறிபிடித்ததுபோல் சுற்றிக்கொண்டிருக்கும். விசிறியின் வேகம் இரண்டு மடங்கானால் அதைச் சுற்றத் தேவைப்படும் சக்தி இரண்டு மடங்கு அல்ல, எட்டு மடங்கு. யாருக்கும் வேண்டாத காற்றுக்காக எஞ்சின் உழைக்கிறது. பழைய காடிகளில் கேட்கும் அந்த 'ஹோ' என்ற இரைச்சலில் பெரும்பங்கு அதுதான்.

இதைத் தயாரிப்பாளர்கள் அறியாமல் இல்லை. பெரிய எஞ்சின்களில் விசிறிக்கு நடுவே சிலிக்கோன் திரவம் நிரப்பிய கிளட்ச் ஒன்றை வைப்பார்கள். ரேடியேட்டரிலிருந்து வரும் காற்று சூடானால் மட்டும் அது இறுக்கிப் பிடிக்கும். பழைய மெர்சிடிஸ், ஹைலக்ஸ் வைத்திருப்பவர்கள் பார்த்திருப்பீர்கள். எஞ்சினை நிறுத்திய பிறகு, சூடாக இருக்கும்போதும் அந்த விசிறி கைதட்டினால் தாராளமாகச் சுற்றுகிறது, அல்லது நடுவில் எண்ணெய்க் கசிவு தெரிகிறது என்றால் கிளட்ச் போய்விட்டது என்று அர்த்தம். அவர்கள் கிளட்ச்சை மாற்றினாலே போதும். எங்கள் டட்சனில் அந்தக் கிளட்ச்சே கிடையாது. நேரடி இணைப்பு.

போமன் அண்ணன் சொன்ன தீர்வு, அந்த விசிறியைக் கழற்றிவிட்டு மின்விசிறி போடுவது. எஞ்சின் எந்த வேகத்தில் ஓடினாலும் அது தன் வேகத்தில் வீசும். தேவையில்லாதபோது நிற்கும்.

அப்பா உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "பெல்ட் அறுந்தாத்தான் இது நிக்கும். ஒயர் எப்ப கழலும்னு யாருக்குத் தெரியும்?" என்றார். நியாயமான கேள்வி. அடுத்தது இன்னும் கூர்மை: "கரண்டு எங்கேயிருந்து வருது? ஆல்டர்னேட்டரும் அதே பெல்ட்லதானே சுத்துது? ஜாம்ல அதுவும் சோம்பும்தானே?" ஊடகத் துறையில் பட்டம் வாங்கிய என்னிடம் பதில் இல்லை. அண்ணன் சிரித்தார். ஆல்டர்னேட்டரின் புல்லி சின்னது, அதனால் எஞ்சினைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகச் சுற்றும், இடையில் பற்றாக்குறை வந்தால் பேட்டரி தாங்கும் என்று விளக்கினார். ஆனால் அப்பாவின் சந்தேகத்தை அவர் தள்ளிவிடவில்லை. எங்கள் ஆல்டர்னேட்டர் 35 ஆம்பியர் வகை, அதுவும் நல்ல வேகத்தில் ஓடும்போது. மின்விசிறி ஒன்றுக்கு ஏழு, எட்டு ஆம்பியர். இரவு மழையில் முன்விளக்கு, வைப்பர், ஏர்கோன் எல்லாம் சேர்ந்தால் கணக்கு தாங்காது. ஆகவே 50 ஆம்பியர் ஆல்டர்னேட்டரும் பட்டியலில் சேர்ந்தது.

அதற்கெல்லாம் முன்னால் ரேடியேட்டரைக் கழற்றி ரேடியேட்டர் கடைக்கு அனுப்பினார். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பலர் இதைத்தான் தாண்டிப் போகிறார்கள். உள்ளே குழாய்கள் துருவாலும் உப்பாலும் அடைத்திருந்தால் புயலே வந்து வீசினாலும் தண்ணீர் குளிராது. எங்களுடையதில் பாதிக்கு மேல் அடைப்பு. புதிய கோர் போட வேண்டியிருந்தது. கூடவே மூடியும் புதுசு. பத்து, பதினைந்து வெள்ளிச் சாமான்தானே என்று அதை யாரும் மதிப்பதில்லை. ஆனால் மூடி 0.9 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்தால்தான் தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்காமல் ஏறக்குறைய 118 வரை தாக்குப்பிடிக்கும். ரப்பர் காய்ந்த மூடி அதைப் பிடித்து வைக்காது.

விசிறியைக் கழற்றும் நாளுக்கு முன்னால் நான் ஒரு காரியம் செய்தேன். தொழில் புத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒலிப்பதிவுக் கருவியை எடுத்துப்போய், அந்தப் பழைய இரைச்சலை ஒரு நிமிடம் பதிவு செய்தேன். முப்பது வருடமாகக் கேட்ட சத்தம், இனி கேட்காது. நிலையத்தில் ஹெட்போன் போட்டுக் கேட்டபோது இரைச்சலுக்கு அடியில் வேறு ஒரு சத்தம், மணலை அரைப்பதுபோல். வீட்டுக்கு வந்து அப்பாவின் காதில் ஹெட்போனை மாட்டினேன். அவர் சத்தத்தை ரசிக்கப் போகிறார் என்று நினைத்தேன். இரண்டு தடவை கேட்டுவிட்டு, "வாட்டர் பம்ப் பேரிங்மா. ஃபேன் சத்தத்துல இத்தனை நாளா மறைஞ்சிருக்கு" என்றார். மறுநாள் அண்ணன் விசிறியின் இலையைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தார். ஆடியது. புதிய பம்ப்பும் வந்தது. அதற்குப் பிறகு அப்பாவிடமிருந்து எதிர்ப்பு வரவில்லை. வேலை அவருடையதாகிவிட்டது.

விசிறிகள் பொட்டோங் கடையில் கிடைத்த கஞ்சில் காடியின் விசிறிகள். ஒன்று ரேடியேட்டருக்குப் பின்னால், காற்றை உறிஞ்சும் வகை. இன்னொன்று கண்டென்சருக்கு முன்னால், காற்றைத் தள்ளும் வகை. ஒயரை மாற்றிக் கொடுத்தால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும் என்பது உண்மைதான். ஆனால் இலையின் வளைவு ஒரு பக்கத்துக்காகவே செய்யப்பட்டது. திருப்பி ஓட்டினால் சுற்றும், காற்று சரியாக வராது. பின்விசிறிக்கு அலுமினியத் தகட்டில் ஒரு கூடு செய்தார். கூடு இல்லாவிட்டால் விசிறி தனக்கு நேராக உள்ள வட்டத்தில் மட்டும் காற்றை இழுக்கும். ரேடியேட்டரின் மூலைகள் சும்மா இருக்கும். ரேடியேட்டர் இதழ்களுக்குள் பிளாஸ்டிக் பட்டையைக் குத்தி விசிறியைக் கட்டும் வழக்கமும் இங்கே இருக்கிறது. அண்ணன் அதைத் தொடக்கூட மாட்டார். அதிர்வில் அது குழாயை அறுத்துவிடுமாம்.

ஒரு சின்ன விஷயம், கையால் வேலை செய்பவர்களுக்காக. பழைய விசிறியைப் பிடித்திருந்த நான்கு போல்ட்டுகள்தான் பம்ப்பின் புல்லியையும் பிடித்திருக்கின்றன. விசிறியை எடுத்த பிறகு அதே நீளப் போல்ட்டை முடுக்கினால் அடியில் போய் முட்டும், புல்லி இறுகாது. குட்டைப் போல்ட் போட வேண்டும்.

மின்சார வேலை முழு நாள் பிடித்தது. எங்கள் தெர்மோஸ்டாட் 82 டிகிரியில் திறக்கும் வகை. விசிறியை முடுக்கும் சுவிட்ச் அதைவிட மேலே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விசிறி நிற்கவே நிற்காது. எனவே 92-இல் ஓடி, 87-இல் நிற்கும் சுவிட்ச். அது சின்ன மின்சாரத்தை மட்டும் கையாளும். பெரிய மின்சாரம் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக ரிலேக்கு வந்து விசிறிக்குப் போகும். மோட்டார் புறப்படும் நொடியில் ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு இழுக்கும், மெல்லிய ஒயர் தாங்காது. முன்விசிறி ஏர்கோனோடு சேர்ந்து ஓடும்.

அப்பா இரண்டு கேட்டார். டேஷ்போர்டுக்குக் கீழே கையால் போடும் ஒரு சுவிட்ச், தானியங்கி கைவிட்டால் தேவைப்படும். விசிறி ஓடும்போது எரியும் ஒரு பச்சை விளக்கு. "காதுல கேக்காதுல்ல, கண்ணுலயாவது பாக்கணும்."

மொத்தச் செலவு 900 வெள்ளிக்குச் சற்றுக் கீழே. அதில் மின்விசிறிகளின் பங்கு குறைவு. கோர், பம்ப், ஆல்டர்னேட்டர்தான் அதிகம்.

பெட்ரோல் மிச்சமாகுமா என்று என் சகாக்கள் கேட்கிறார்கள். பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். மின்சாரமும் எஞ்சின் உழைப்பில் வருவதுதான். தேவைப்படும் நேரம் மட்டும் ஓடுவதால் கொஞ்சம் லாபம், அவ்வளவுதான். எல்லா வண்டிக்கும் இது பொருந்தும் என்றும் நான் சொல்ல மாட்டேன். பாரம் ஏற்றிக்கொண்டு கேமரன் மலைக்குக் குறைந்த கியரில் ஊர்ந்து ஏறும் லோரிக்கு எஞ்சின் வேகமாகவும் வண்டி மெதுவாகவும் போகிறது. அங்கே எஞ்சினோடு சுற்றும் பெரிய விசிறிதான் சரி. எங்களுக்கு மலை இல்லை. மேரு சாலைதான்.

முதல் நாள் ஓட்டத்தில் நானும் பின்னால் உட்கார்ந்திருந்தேன், விடுப்பு எடுத்துக்கொண்டு. மூன்றாம் கியரில் வழக்கமான இரைச்சல் வரவில்லை. அம்மா, "என்னங்க, காடி ஓடுதா, உருளுதா?" என்றார். அப்பா பேசவில்லை. ஜாம் வந்தது. முள் பாதியைத் தாண்டும்போது அவர் கை ஏர்கோன் சுவிட்சுக்குப் போனது, பழக்கம். பச்சை விளக்கு எரிந்தது. முன்னால் மெல்லிய ஒரு சுழல் சத்தம். ஒன்றரை நிமிடத்தில் முள் பழைய இடத்துக்கு வந்தது, விளக்கு அணைந்தது. திரும்பி வரும்போது, முக்கால் மணி நேர ஜாமில், அம்மா சால்வையைக் கேட்டு வாங்கிப் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டார்.

இப்போது ஐந்து மாதம் ஆகிறது. ஒரு தடவை ஃபியூஸ் போனது. அப்பா விளக்கு எரியாததைக் கவனித்து, ஓரமாக நிறுத்தி, கைப்பெட்டியில் இருந்த மாற்று ஃபியூஸைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். முன்மூடியைத் திறந்து பார்க்கும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளிடம் மட்டும் கறாராக இருக்கிறார். எஞ்சின் நின்றிருந்தாலும் மின்விசிறி திடீரென்று சுற்றலாம், விரல் விடக் கூடாது என்று விரட்டுகிறார்.

பழைய விசிறியும் நான்கு நீளப் போல்ட்டுகளும் ஒரு மைலோ டின்னோடு ஸ்டோரில் இருக்கின்றன. எதற்கு என்று நான் கேட்கவில்லை. சென்ற வாரம் அப்பா மறுபடி காப்பாருக்குப் போய்வந்தார். முன்விளக்குக்கும் ரிலே போட்டால் வெளிச்சம் கூடுமாம்.