கேட்கும் திரை

தில்லிப் பள்ளி ஒன்றில் தமிழ் வகுப்பு. திறன்பலகையில் தோன்றும் படத்திற்குரிய சொல்லைத் தொட வேண்டும். மாணவர்கள் முந்திக்கொண்டு எழுந்தனர். பார்வையற்ற மாணவி ஒருத்தி மட்டும் அசையாதிருந்தாள். ஆரவாரம் ஓய்ந்தபின், "என்ன படம் வந்தது?" என்று தோழியிடம் மெல்லக் கேட்டாள். அக்கேள்வி ஆசிரியையின் செவியிலும் விழுந்தது.

மறுநாள் திரையில் படம் இல்லை. ஆசிரியை தம் குரலில் பதிவு செய்த மூன்று சொற்கள் ஒலித்தன: கிலி, கிளி, கிழி. "இவற்றுள் பறவையின் பெயர் எது?" என்று வினவினார். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகளே தடுமாறினர். அம்மாணவியோ, "இரண்டாவது" என்றாள். முதற்சொல் அச்சத்தையும் மூன்றாவது கிழித்தலையும் குறிக்கும் என்றும் விளக்கினாள்.

செவித்திறன் குறைந்த மாணவன் ஒருவனும் அங்கே இருந்தான். அவனுக்காக, ஒலியோடு எழுத்தும் படமும் தோன்றுமாறு விளையாட்டை ஆசிரியை மீண்டும் திருத்தினார். எழுத்துக் கூட்டி வாசிக்கத் திணறியவர்களுக்கும் அது கைகொடுத்தது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, மாணவர் அனைவரும் ஒருங்கே கற்க வேண்டும் என்கிறது. அவர்தம் தேவைக்கேற்பக் கற்பித்தல் அமைய வேண்டும் என்றும் கூறுகிறது. திறன்பலகை முன்பே அவ்வகுப்பில் இருந்தது. மாணவியின் கேள்வியைக் கேட்ட பின்னரே அது எல்லாருக்கும் உரியதாயிற்று.