மொஹாவியிலிருந்து பெங்களூருக்கு: வீட்டுப் பட்டறையில் பிறந்த கலங்கள்

கிளேட்டன் ஜேக்கப்சன் அமெரிக்க வங்கி ஒன்றில் பணியாற்றியவர். விடுமுறைகளில் பாலைவனத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர். 1960களின் தொடக்கத்தில் ஒருநாள் மொஹாவிப் பாலைவனத்தில் வண்டியோடு விழுந்து, தோலில் ஏறிய சரளைக் கற்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது, இதே விழுகை தண்ணீரில் நேர்ந்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காதே என்று அவருக்குத் தோன்றியதாகச் சொல்வார்கள். பிறகு அவர் வங்கி வேலையை விட்டார். 1965இல் அலுமினியத்தால் ஒரு மாதிரியைச் செய்து ஓட்டினார். அடுத்த ஆண்டு செய்த இரண்டாவது மாதிரி கண்ணாடியிழையால் ஆனது. இன்று ஜெட் ஸ்கீ என்று உலகம் அழைக்கும் கலத்தின் தொடக்கம், ஒரு தனிமனிதரின் பட்டறையில் நிகழ்ந்த இந்த உலோகத்திலிருந்து இழைக்கான மாற்றத்தில் இருக்கிறது.

முதலில் பம்பார்டியர் நிறுவனம் அவருடைய யோசனையைக் கைக்கொண்டு 1968இல் அமர்ந்து ஓட்டும் ‘சீ-டூ’வை வெளியிட்டது, அது நிலைக்கவில்லை. ஜேக்கப்சன் விரும்பியதோ நின்று ஓட்டும் வடிவம். அதை 1973இல் கவாசாகி விற்கத் தொடங்கியது. ‘ஜெட் ஸ்கீ’ அந்த நிறுவனத்தின் வணிகப் பெயர்தான். ‘ஜெராக்ஸ்’ போல அதுவும் பொதுப்பெயராகிவிட்டது. நின்றோட்டும் கலம் ஓடும்போது மட்டுமே உறுதியாக நிற்கும். நின்றுவிட்டால் தள்ளாடும், ஓட்டுநரைத் தண்ணீரில் தள்ளிவிடும். அதனால்தான் ஆரம்பகால வண்டிகள், ஓட்டுநர் விழுந்ததும் மெதுவாக வட்டமிட்டுச் சுற்றி, அவர் நீந்திப் பிடிப்பதற்குக் காத்திருக்கும்படி அமைக்கப்பட்டன. விழாமல் காப்பது அல்ல, விழுந்த பிறகு திரும்ப ஏற விடுவது என்பதே அந்த வடிவமைப்பின் உட்கருத்து. கட்டுமரத்தில் அலை ஏறி வழிந்தோடுவதைப் பார்த்து வளர்ந்த கடற்கரைத் தமிழருக்கு இது புதிதாக இராது. தண்ணீரை உள்ளே விடாமல் இருக்கக் கட்டுமரம் முயல்வதில்லை. வந்த தண்ணீர் தங்காமல் போனால் போதும்.

கலத்தின் உள்ளே நடப்பது எளிது. எஞ்சின் ஒரு தண்டைச் சுழற்றுகிறது. தண்டின் முனையில் குழாய்க்குள் அடைபட்ட இம்பெல்லர் அடியிலிருந்து தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சுகிறது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விசிறி இல்லை, சுக்கான் இல்லை. நியூசிலாந்தின் ஐரிஷ்மன் க்ரீக் பண்ணையில் பில் ஹாமில்டன் என்ற விவசாயி, ஆழமற்ற ஆறுகளில் படகோட்டுவதற்காக 1950களின் நடுவில் இந்த நீர்த்தாரை முறையைச் செம்மைப்படுத்தினார். தாரையைத் தண்ணீருக்கு அடியில் விடாமல் நீர்மட்டத்துக்கு மேலே விட்டால் வேகம் கூடும் என்று கண்டதே அவருடைய திருப்புமுனை. அந்த மரபில் வந்த படகுகளைக் கொண்டுதான் 1977இல் எட்மண்ட் ஹிலாரி கங்கைக் கடல்முகத்திலிருந்து இமயத்தை நோக்கி ஆற்றை எதிர்த்து ஏறினார்; நந்தப்பிரயாகைக்கு அருகில் அருவி மறித்தபோதுதான் படகுகள் நின்றன.

எஞ்சினும் பம்பும் கடையில் கிடைக்கும், பழைய வண்டியிலிருந்து கழற்றியும் எடுக்கலாம். வீட்டில் கலம் செய்ய விரும்புபவரின் உண்மையான வேலை உடற்பகுதியில்தான் இருக்கிறது. தொழிற்சாலைகள் பெரும் அச்சுகளில் வார்த்தெடுப்பதை, தனியொருவர் அச்சே இல்லாமல் செய்யும் வழி ஒன்று உண்டு. நுரைக்கட்டையை வேண்டிய வடிவத்தில் அறுத்து, அதன் இரு பக்கமும் கண்ணாடியிழைத் துணியைப் பிசின் ஊட்டி ஒட்டுவது. நுரைக்கு வலிமை குறைவு. இழைத்தோலுக்குத் தடிமன் குறைவு. இரண்டும் ஒட்டி நிற்கும்போது, தோல்கள் ஒன்றிலிருந்து ஒன்று விலகி நிற்கும் தூரமே விறைப்பைத் தருகிறது. பொறியியல் முதலாண்டு மாணவருக்கு இது ஒரு சூத்திரம்; கைகளால் செய்து, வளைத்துப் பார்த்து, வளையாததைக் கண்டு வியப்பவருக்கு அது அனுபவம்.

இதில் பொறிகள் பல. மலிவு என்று பாலியெஸ்டர் பிசினை வாங்கி, தெர்மாகோல் வகை நுரையின்மேல் பூசினால், பிசினிலுள்ள ஸ்டைரீன் நுரையைக் கரைத்துக் குழியாக்கிவிடும். எபாக்சியோ நுரையைத் தொடாது. இந்தியக் கல்லூரிகளில் கலப்புப் பொருள் ஆய்வு செய்த எவருக்கும் எல்ஒய்556 என்ற பிசினும் எச்ஒய்951 என்ற கடினமாக்கியும் மனப்பாடம்; நூற்றுக்குப் பத்து என எடைபோட்டுக் கலக்கியதும் நேரம் எதிரியாகிவிடும். கிண்ணத்தில் அதிகமாகக் கலக்கிவைத்தால் தன் வெப்பத்தாலேயே கொதித்துப் புகையும். துணியின் இழை எந்தத் திசையில் ஓடுகிறதோ அந்தத் திசையில்தான் வலிமை. பிசின் குறைந்தால் வறண்ட வெண்புள்ளி, மிகுந்தால் வீண் எடை. காய்ந்த பிறகு நாணயத்தால் தட்டிக் கேட்க வேண்டும்: ஒட்டிய இடம் கணீரென்று ஒலிக்கும், பிரிந்த இடம் மந்தமாக ஒலிக்கும். செவியால் செய்யும் இந்தச் சோதனை இன்றும் விமானப் பட்டறைகளில் வழக்கில் உள்ளது.

ஜேக்கப்சன் விழுந்ததாகச் சொல்லப்படும் அதே மொஹாவியில்தான், 1970களில் பர்ட் ரூட்டன் என்ற வடிவமைப்பாளர் இந்த அச்சில்லா முறையை வானூர்திக்குக் கொண்டுவந்தார். சூடேற்றிய கம்பியால் நுரையை இறக்கை வடிவில் அறுத்து, எபாக்சியும் கண்ணாடியிழையும் போர்த்தி, கார் நிறுத்தும் கொட்டகையில் ஒருவர் விமானம் கட்டலாம் என்று அவர் காட்டினார். 1979இல் பறந்த அவருடைய லாங்-ஈஸி இருவர் அமரக்கூடியது. வெற்று எடை ஏறத்தாழ 320 கிலோ. வால் இருக்க வேண்டிய சிறுசிறகு மூக்கில் இருந்தது. எஞ்சின் பின்னால் இருந்து தள்ளியது. ரூட்டன் விமானத்தை விற்கவில்லை, வரைபடங்களை விற்றார். அவை உலகெங்கும் போயின. அவற்றில் ஒன்று வந்து சேர்ந்த இடம் பெங்களூர்.

அதைக் கையிலெடுத்தது பொழுதுபோக்குக் கழகம் அல்ல, தேசிய வானூர்தியியல் ஆய்வகம். ரோத்தம் நரசிம்மா இயக்குநராக இருந்த காலத்தில், லாங்-ஈஸி வடிவமைப்பைப் பின்பற்றி அவ்வாய்வகம் கட்டிய விமானத்துக்கு ‘இலகு கனார்டு ஆய்வு விமானம்’ என்று பெயர்; 1987இல் அது பெங்களூரில் பறந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, 1986 டிசம்பரில், ரூட்டனின் வாயேஜர் விமானம் எங்கும் இறங்காமல், எரிபொருள் நிரப்பாமல் ஒன்பது நாளில் உலகைச் சுற்றி மொஹாவிக்கு அருகே தரையிறங்கியிருந்தது. அந்தச் செய்தியோடு ஒப்பிட்டால் பெங்களூர்ச் செய்தி சிறியது. ஆயினும் இந்திய அறிவியல் நிறுவனங்களின் வரலாற்றில் அதற்கு ஒரு விசித்திரமான இடம் உண்டு. காற்றுச் சுரங்கங்களும் முனைவர் பட்டங்களும் நிறைந்த அரசு ஆய்வகம் ஒன்று, அமெரிக்கக் கொட்டகைக்காரர்களுக்காக எழுதப்பட்ட செய்முறைக் குறிப்பிலிருந்து பாடம் கற்க இறங்கியது. இதில் தாழ்வு பார்க்கும் மனநிலை நம் கல்விச் சூழலில் குறைவில்லை: ‘மூலக் கண்டுபிடிப்பு எங்கே, நகல்தானே?’ என்ற கேள்வி எளிதில் எழும். ஆனால் வரைபடத்தில் இருப்பதை நகலெடுக்கலாம். பிசின் எப்போது இறுகத் தொடங்குகிறது என்ற விரல்நுனி அறிவை நகலெடுக்க முடியாது, செய்தே பெற வேண்டும். 1993 நவம்பரில் பறந்த, கண்ணாடியிழைக் கலப்புப் பொருளால் ஆன ஹன்சா பயிற்சி விமானம் அதே ஆய்வகத்தில் உருவானது. தேஜஸ் போர்விமானத்தின் கலப்புப் பொருள் பாகங்கள் சிலவும் அங்கே உருவாயின. கொட்டகை வரைபடத்துக்கும் இவற்றுக்கும் நேர்கோடு இழுப்பது மிகையாகும். கைகள் பழகிய இடம் எது என்று கேட்டால், விடையில் அந்தச் சிறு விமானமும் இருக்கும்.

வரைபடத்தைப் பின்பற்றுவது ஒன்று; மாற்றுவது வேறு. வீட்டில் கட்டுபவர்களில் மாற்றாமல் கட்டுபவர் அரிது. ஜெட் ஸ்கீ கட்டுபவர் கைப்பிடிக் கம்பத்தைச் சற்று நீட்டுவார், நிற்கும் தட்டைக் குறுக்குவார், இம்பெல்லரின் சாய்வை மாற்றுவார், புகைக்குழாயை வேறாக்குவார். அந்தச் சுதந்திரத்துக்காகத்தானே வீட்டில் கட்டுவதே! ஆனால் 1997 அக்டோபர் 12 அன்று கலிபோர்னியாவின் மான்டெரே விரிகுடாவில் பாடகர் ஜான் டென்வர் இறந்த விபத்தை, மாற்றம் செய்பவர் எவரும் ஒருமுறையாவது படிக்க வேண்டும். அவர் ஓட்டியது வேறொருவர் கட்டிய லாங்-ஈஸி. மூல வரைபடத்தில் எரிபொருள் தொட்டியை மாற்றும் திருகு விமானியின் கால்களுக்கு இடையே இருந்தது. கட்டியவர் அதை விமானியின் இடத்தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார். அவர் மூடர் அல்லர்: எரிபொருள் குழாய்களை விமானி அமரும் இடத்திலிருந்து விலக்கி வைப்பதற்கு நியாயமான காரணம் உண்டு. ஆயினும் பறக்கும்போது அதைத் திருப்ப வேண்டுமானால் உடலையே முறுக்க வேண்டியிருந்தது. முறுக்கும்போது கால் சுக்கான் மிதியை அறியாமல் அழுத்த ஏதுவாயிற்று என்பது அமெரிக்க விசாரணை அமைப்பின் முடிவு. திருகின் நிலைகளுக்கு அடையாளக் குறியும் இடப்படவில்லை. எரிபொருள் போதிய அளவு இருக்கிறதா என்று புறப்படுமுன் சரியாகப் பார்க்கப்படாததும், அந்த விமானத்தில் போதிய பழக்கம் இல்லாததும் காரணங்களோடு சேர்க்கப்பட்டன. மாற்றியவர் தமக்காக மாற்றினார்; அந்த மாற்றத்தை வேறொரு உடல் எதிர்கொள்ளும் நாள் வரும் என்பது அவர் கணக்கில் இல்லை.

இனி பெங்களூரிலேயே ஒருவர் மொட்டைமாடியில் நின்றோட்டும் ஜெட் ஸ்கீ கட்டுவதாக வைத்துக்கொள்வோம். நகரம் அவருக்கு வேண்டியவற்றையெல்லாம் தரும். மின்பொருளுக்கு எஸ்.பி. ரோடு, வண்டிப் பாகங்களுக்கு ஜே.சி. ரோடு, கடைசல் வேலைக்குப் பீன்யா. இருவீச்சு எஞ்சினின் நாடித்துடிப்பை அறிந்த மெக்கானிக்குகளும் இங்கே உண்டு. பக்கத்து மைசூரில் ஜாவா, யெஸ்டி தயாரான காலமும், ஆர்எக்ஸ்100 தெருவெங்கும் ஓடிய காலமும் விட்டுச்சென்ற அறிவு அது. பம்புத் தண்டும் எஞ்சின் தண்டும் ஒரே நேர்கோட்டில் அமரவில்லையென்றால் தாங்கிகள் சீக்கிரமே தேயும். அதைச் சரிசெய்யும் பொறுமையும் அவருக்கு இருப்பதாகக் கொள்வோம்.

நகரம் தராதது தண்ணீர். அல்சூர் ஏரியைப் பார்த்துக்கொண்டே போகலாம், அதில் இறக்கக் கூடாது. பெல்லந்தூர் ஏரி நுரை தள்ளியதும் தீப்பிடித்ததும் இந்நகரத்தார் கண்ணெதிரே நடந்தவை. கார்புரேட்டர் வைத்த பழைய இருவீச்சு எஞ்சின், எரிபொருளில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கை எரிக்காமலே புகைவழியே வெளியேற்றுகிறது. ஜெட் ஸ்கீயில் அந்தப் புகை போய்ச் சேருமிடம் தண்ணீர். அமெரிக்காவின் டாஹோ ஏரியில் 1999இல் இத்தகைய எஞ்சின்களுக்குத் தடை வந்தது இதனால்தான். ஏற்கெனவே மூச்சுத் திணறும் ஏரிக்கு இதையும் ஊட்டுவதற்கு எந்தப் பொழுதுபோக்கும் நியாயம் ஆகாது.

ஆகவே அவர் கலத்தை வண்டியில் ஏற்றி, அனுமதி உள்ள நீர்நிலையைத் தேடி, மங்களூர்ப் பக்கம் சுமார் 350 கிலோமீட்டர் இறங்கிப்போக வேண்டும். பெங்களூர் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் மேலே இருக்கிறது. காற்றழுத்தம் கடற்கரையைவிடப் பத்து விழுக்காடு அளவுக்குக் குறைவு. மாடியில் குழாய்த் தண்ணீரால் எஞ்சினைக் குளிர்வித்து, காதால் கேட்டு, புகை பார்த்து, கார்புரேட்டரை அவர் மிகச் சரியாகவே அமைத்திருப்பார். கடற்கரையில் காற்று அடர்ந்து நுழையும். காற்றின் எடை பத்து விழுக்காடு கூடினால், கார்புரேட்டர் இழுக்கும் பெட்ரோல் அதன் வர்க்கமூல அளவில், ஐந்து விழுக்காடே கூடும். கலவை மெலியும். மெலிந்த கலவை சூடு. சூட்டில் பிஸ்டன் விரிந்து உருளையைப் பிடித்துக்கொள்ளும். எஞ்சின் முன்னெப்போதையும்விட உற்சாகமாக ஒலித்த சிறிது நேரத்தில், கரையிலிருந்து தொலைவில், அது நிகழ வாய்ப்புண்டு.

தேவையான மருந்து சிறியது: சற்றுப் பெரிய துளையுள்ள ஒரு பித்தளை மெயின் ஜெட். ஷிராடி மலைப்பாதை இறங்கியதும், கலத்தைத் தண்ணீருக்குக் கொண்டுபோகுமுன், அதை மாற்றிவிட்டு, மாற்றிய அளவையும் தேதியையும் மூடியின் உட்புறத்தில் அழியாத மையால் எழுதிவைக்க வேண்டும். அடுத்து அந்த மூடியைத் திறப்பவர் அவராக இல்லாமலும் இருக்கலாம்.