33 வோல்ட்டுக்கு மேலே

ஒரு மல்டிமீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று எப்படிச் சொல்வது? அதற்கென்றே இருக்கும் கருவிதான் கேலிபிரேட்டர். கேட்ட வோல்ட்டைத் துல்லியமாகக் கொடுக்கும். ஃப்ளூக் 5520ஏ 1020 வோல்ட் வரை போகும். அங்கே கை பட்டால் உயிருக்கே ஆபத்து.

கணினியிலிருந்து இதை இயக்க ஜிபிஐபி கேபிள் போதும். 1975இல் ஐஇஇஇ 488 என்று தரமாக்கப்பட்ட பழைய வழி. 'அவுட் 10 வி' என்று அனுப்பினால் கருவி 10 வோல்ட்டுக்குத் தயாராகும். முனையில் எதுவும் வராது. 'ஓபர்' என்று இன்னொரு கட்டளை போனால்தான் வரும். அடுத்து 100 வோல்ட் கேட்டால், 33ஐத் தாண்டும் இடத்தில் தானாகவே ஸ்டாண்ட்பைக்குப் போய்விடும். மறுபடி 'ஓபர்' சொல்லணும்.

புரோகிராமர் மனசு சும்மா இருக்குமா? ரெண்டையும் ஒரே ஃபங்ஷனில் போடலாமே என்று, ஆய்வகத்தில் வயர் மாற்றும் அண்ணனிடம் கேட்டேன்.

"போடலாம் தம்பி. ஆனா அந்த நேரத்துல என் கை எங்க இருக்குன்னு உங்க புரோகிராமுக்குத் தெரியுமா?"

தெரியாது. பிழை உண்டா, வேலை முடிந்ததா என்று கருவியிடம் கேட்கலாம், பதில் வரும். வயரில் யார் கையாவது இருக்கிறதா என்று கேட்கக் கட்டளை கிடையாது.

அதனால் என் புரோகிராம் 33க்கு மேலே போகுமுன் நின்று, "வயர் மாட்டியாச்சா?" என்று திரையில் கேட்கும். அண்ணன் கையை எடுத்துவிட்டு என்டர் தட்டுவார். அதன் பிறகுதான் 'ஓபர்'. ஆட்டோமேஷன் என்றால் ஆளே வேண்டாம் என்று நினைக்கிறோம். இந்த ஒரு என்டரை மட்டும் நான் எடுக்கப்போவதில்லை.