தேக்கடிக்கு வண்டியா, விடுதியா?

ஏப்ரல் 8

தேசியப் பூங்காவுக்குப் போகும் குடும்பம் இரவுத் தங்கலுக்கு இரண்டு ஏற்பாடுகளில் ஒன்றைச் செய்யலாம். படுக்கை, அடுப்பு, கழிப்பறை வசதியுள்ள கேரவனில் போய் அதிலேயே தங்கலாம். அல்லது காட்டை ஒட்டிய விடுதியில் அறை எடுக்கலாம். செட்டிநாட்டாருக்கு இரண்டுமே புதிதல்ல. குன்றக்குடியிலிருந்து பழநிக்குக் காவடி எடுத்து நடக்கும் நகரத்தாருடன் சாமான் வண்டிகள் போவதுண்டு. காசியில் நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம் பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் இருக்கிறது.

ஏப்ரல் 10

காரைக்குடியிலிருந்து எளிதில் போகக்கூடிய தேசியப் பூங்கா தேக்கடியில் உள்ள பெரியாறு. மதுரை, தேனி, கம்பம் வழியாகக் குமுளி ஏறினால் சுமார் 225 கிலோமீட்டர். அங்குள்ள ஏரி, பொறியாளர் பென்னிகுவிக் கட்டி 1895-இல் முடித்த முல்லைப் பெரியாறு அணையால் உண்டானது. மலையைக் குடைந்த சுரங்கம் வழியே வைகைக்கு வரும் அந்த நீரில் சிவகங்கைச் சீமையின் வயல்களுக்கும் பங்கு உண்டு. சிவகங்கை மாவட்டத்துப் பிள்ளைகள் பார்த்தே ஆகவேண்டிய காடு அது. 1978-இல் புலிகள் காப்பகமான அதன் மையப்பகுதி 1982-இல் தேசியப் பூங்காவானது. காப்பகத்தின் பரப்பு 925 சதுர கிலோமீட்டர்.

ஏப்ரல் 13

கேரவன் பயணம் அமெரிக்காவில் வேரூன்றியதற்கு ஒரு காரணம் அங்குள்ள பூங்காக்களின் அமைப்பு. 1872-இல் ஏற்படுத்தப்பட்ட யெல்லோஸ்டோனில் பூங்காவுக்குள்ளேயே 225 கிலோமீட்டருக்கு மேல் வட்டச் சாலை ஓடுகிறது. சொந்த வண்டியில் போய்க் காட்டெருமையைப் பார்த்துவிட்டு, உள்ளேயே அதற்கென்று உள்ள இடத்தில் வண்டியை நிறுத்தித் தூங்கலாம். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியின்றி உள்ளே நுழையவே முடியாது. தேக்கடியில் சுற்றுலா வண்டிகளை ஆனவாச்சால் நிறுத்தத்தில் விட்டுவிட வேண்டும். அங்கிருந்து படகுத்துறைக்கு வனத்துறைப் பேருந்து கொண்டுபோகிறது. ஆகவே எவ்வளவு செலவு செய்து கேரவன் எடுத்தாலும் அது ஊருக்குள்தான் நிற்கும். யானைக்குப் பக்கத்தில் ஓரடிகூடக் கொண்டுபோகாது.

கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. மறு ஆண்டே தேக்கடி இருக்கும் அதே இடுக்கி மாவட்டத்தில், வாகமனில், கேரவன் பூங்கா வந்தது. வண்டிகள் இரண்டு பேருக்கும் நான்கு பேருக்குமாக அமைந்தவை. புதுமணத் தம்பதிக்கும் கைக்குழந்தையுள்ள சிறு குடும்பத்துக்கும் இது நல்ல ஏற்பாடு. ஐயா, அப்பத்தா, பேரப்பிள்ளைகள் என்று பத்துப் பேர் கிளம்பும் வீட்டுக்கு ஒரு கேரவன் போதாது. இரண்டு எடுத்தால் குடும்பமே இரண்டாகப் பிரிந்துவிடும்.

ஏப்ரல் 14

இனி விடுதி. கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் லேக் பேலஸ், ஆரண்ய நிவாஸ், பெரியார் ஹவுஸ் மூன்றும் காட்டு எல்லைக்குள்ளேயே இருக்கின்றன. லேக் பேலஸ் திருவிதாங்கூர் மன்னரின் கோடை மாளிகையாக இருந்தது. படகில்தான் போக முடியும், அறைகள் ஆறே. பகல் சுற்றுலாக்காரர்கள் திரும்பிய பிறகு தண்ணீர் குடிக்க வரும் விலங்குகளை அங்கிருந்தே பார்க்கலாம். கேரவனில் கிடைக்காத பேறு இது. ஆனால் வாடகை அதிகம். இருட்டுமுன் படகைப் பிடித்தாக வேண்டும். மூட்டுவலி உள்ள முதியவர்களுக்குப் படகில் ஏறி இறங்குவது சிரமம். ஆரண்ய நிவாஸும் பெரியார் ஹவுஸும் அவர்களுக்குத் தோதானவை. குமுளியில் தனியார் விடுதிகள் ஏராளம், வாடகையும் பல விதம். காலை 7.30 மணி முதல் படகுக்கு அங்கிருந்து விடியலிலேயே புறப்பட வேண்டும்.

ஏப்ரல் 15

செலவைக் கணக்கிடும்போது வழிச்சாப்பாட்டையும் சேர்க்க வேண்டும். கேரவனுக்காகச் சொல்லப்படும் பெரிய வசதி சமையல். காரைக்குடி வீடுகளில் கட்டுச்சோறு கட்டும் வழக்கம் இருக்கும்வரை புளியோதரையும் துவையலும் முதல் நாளைத் தாங்கிவிடும். பாதையையும் யோசிக்க வேண்டும். சபரிமலைப் பருவத்தில் குமுளி மலைப்பாதை நெரிசலாகி ஒருவழியாக்கப்படும்; மேலேறும் வண்டிகள் கம்பம்மெட்டு வழியே சுற்ற வேண்டும். பெரிய வண்டிக்கு அது கூடுதல் தொல்லை.

பெரியாற்றைப் பொறுத்தவரை, பெரிய குடும்பம் வாடகை வேனில் சேர்ந்து போய், காட்டு எல்லைக்குள் உள்ள விடுதியில் ஓர் இரவாவது தங்குவதே சிறந்தது. பள்ளி விடுமுறையில் அந்த அறைகள் சீக்கிரம் நிரம்பிவிடும். வேன் பேசுவதற்கு முன்பே அறையைப் பதிவு செய்துவிடுங்கள்.