பெட்டி போனாலும் டிஸ்க் பிழைக்கணும்

வெள்ளி

தம்பி ஸ்டுடியோவில் ஒதுக்கி வைத்திருந்த பழைய கம்ப்யூட்டர் வந்து சேர்ந்தது. கல்யாணப் படங்களை எல்லாம் அதில் போட்டு, கடையில் யார் வேண்டுமானாலும் நெட்வொர்க்கில் எடுக்கும்படி செய்ய வேண்டுமாம். 4 டிபி டிஸ்க் இரண்டு இருக்கின்றன. எந்த ஓஎஸ் என்பதுதான் பாக்கி. "பார்க்க அழகா எது இருக்கோ அதைப் போடுண்ணா" என்கிறான். எனக்கு அழகு முக்கியமில்லை. நாளைக்கே மதர்போர்டு போனால் டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் படிக்க முடியுமா? அவ்வளவுதான் கேள்வி.

சனி

இந்த வேலைக்கென்றே உள்ள ஓஎஸ்களின் வம்சாவளியைப் புரட்டினால் சுவாரஸ்யம். 2005இல் ஒலிவியே கொஷார்-லாபே ஃப்ரீபிஎஸ்டி மேல் ஃப்ரீநாஸைத் தொடங்கினார். சில வருஷத்தில் அதை டெபியன் லினக்ஸுக்கு மாற்றலாமா என்ற பேச்சு எழுந்தது. ஐஎக்ஸ்சிஸ்டம்ஸ் நிறுவனம் பொறுப்பேற்று ஃப்ரீபிஎஸ்டியிலேயே நிறுத்தியது. ஃபோல்கர் டைலே தனியே போய் டெபியன் மேல் ஓப்பன்மீடியாவால்ட்டைக் கட்டினார். அப்படிப் பாகம் பிரிந்த ஃப்ரீநாஸ் வீடு, ட்ரூநாஸ் என்று பெயர் மாறி, 2022இல் ஸ்கேல் பதிப்போடு டெபியன் வாசலுக்கே வந்துவிட்டது. பழைய ஃப்ரீபிஎஸ்டி பதிப்புக்கு இப்போது பராமரிப்பு மட்டும்தான்.

ஞாயிறு

இன்னொரு ஓஎஸ் அன்ரெய்டு, காசு கொடுத்து வாங்குவது. ஒவ்வொரு ஃபைலும் ஏதாவது ஒரு டிஸ்க்கில் முழுதாக இருக்கும் என்பதால், தனி டிஸ்க்கைக் கழற்றி எந்த லினக்ஸிலும் படிக்கலாம். கைக்குக் கிடைத்த டிஸ்க்குகளை, சின்னதும் பெரிதுமாக, சேர்ப்பவருக்கு அதுதான் சரி. எங்களிடம் இருப்பதோ ஒரே அளவில் இரண்டே இரண்டு.

ட்ரூநாஸ் பயன்படுத்தும் இசட்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம் பக்கம் மனம் சாய்கிறது. சன் மைக்ரோசிஸ்டம்ஸில் ஜெஃப் பான்விக்கும் மாத்யூ ஆரென்ஸும் 2001இல் தொடங்கியது. ஒவ்வொரு பிளாக்குக்கும் செக்சம் வைத்து, படிக்கும்போதெல்லாம் சரிபார்க்கும். ஜேபெக்கில் ஒரு பிட் புரண்டால் போதும், மணமகள் முகத்துக்குக் கீழே எல்லாம் சாம்பல் பட்டையாகிவிடலாம். சாதாரண ஃபைல்சிஸ்டம் அதையும் வாய் திறக்காமல் எடுத்துக் கொடுக்கும்.

திங்கள்

ட்ரூநாஸ் போட்டாயிற்று. பூட் டிஸ்க் முழுவதையும் தனக்கே எடுத்துக்கொள்ளும். சின்ன எஸ்எஸ்டி ஒன்றைப் பலி கொடுத்தேன். ரேம் 8 ஜிபி, குறைந்தபட்சத் தேவையே அதுதான்.

இரண்டு டிஸ்க்கையும் ஒன்றுக்கொன்று நகலாக ஒரே பூலில் மிரராக்கி, சோதனைப் படங்களைப் போட்டு, ஒரு டிஸ்க்கின் நடுவில் வேண்டுமென்றே பூஜ்யங்களை எழுதினேன். எல்லா பிளாக்கையும் சரிபார்க்கும் ஸ்க்ரப் ஓடியதும் அந்த டிஸ்க்குக்கு நேரே மட்டும் செக்சம் எண்ணிக்கை ஏறியது. அடுத்த டிஸ்க்கிலிருந்து எடுத்துத் தானே சரிசெய்துகொண்டது. படங்கள் எல்லாம் திறந்தன.

பிறகு ஒரு டிஸ்க்கைக் கழற்றி உபுண்டு லேப்டாப்பில் செருகினேன். 'இது வேறு சிஸ்டத்தின் பூல்' என்று முரண்டு பிடித்தது. வலுக்கட்டாயமாக இம்போர்ட் செய்ததும் ஃபோல்டர்கள் வரிசையாக வந்தன. என் கேள்விக்கு அதுதான் பதில். ஒன்று மட்டும் கவனம்: புதிய அம்சங்களைப் பயன்படுத்தத் தொடங்கிய பூலைப் பழைய பதிப்பு திறக்காமல் போகலாம். அதனால் பூலை 'அப்கிரேட்' செய்யும் பட்டனைத் தொடாதே என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன்.

"அப்போ பேக்கப் வேண்டாமாண்ணா?" என்றான். மிரரில் ஒரு படத்தை அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் அழியும். முன்பே எடுத்து வைத்த ஸ்னாப்ஷாட் அதை மீட்கும். திருட்டையும் தீயையும் அதுவும் தடுக்காது. அத்தை வீட்டில் ஒரு நகல் வைக்கச் சொன்னேன். டிஸ்க் விலையைக் கேட்டு முகத்தைச் சுளிக்கிறான். நாளை அவனுடைய விண்டோஸ் மெஷினில் ஷேரைத் திறந்து கொடுக்க வேண்டும்.