ஒன்பது வெற்றிகள் போதாத ஊர்



இந்த வாரம் உங்களுக்கு ஒரு விளையாட்டு அணியின் கதையைச் சொல்லப்போகிறேன். போதகருக்கும் பந்தாட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களில் சிலர் புன்னகைப்பீர்கள். ஆட்டத்தின் விதிகளை அறியாதவர்களும் தயங்காமல் வாசிக்கலாம். இங்கே அவை தேவைப்படா. ஒரு பெரிய மனிதருக்குப் பின் வருகிறவரை ஜனங்கள் எப்படி நடத்துகிறார்கள் என்பதே நான் நெடுநாளாகத் தூரத்திலிருந்து கவனித்துவரும் காரியம். அதை அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தைப்போல் இவ்வளவு வெளிப்படையாகக் காட்டுகிற வேறோர் இடத்தை நான் அறியேன்.

நெப்ராஸ்கா, மக்காச்சோளமும் மாடுகளும் மிகுந்த சமவெளி நாடு. மாநிலம் முழுவதிலும் ஏறத்தாழ 20 லட்சம் மக்களே வாழ்கிறார்கள். தேசத்தின் பெரிய தொழில்முறைப் பந்தாட்ட அணிகளில் ஒன்றுகூட அங்கே இல்லை. ஆகையால் மாநிலத்தாரின் பாசம் முழுவதும் லிங்கன் நகரிலுள்ள பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணிமேல் இறங்கிவிட்டது. நாம் அறிந்த உதைபந்தாட்டம் அன்று இது. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து. அணியின் பெயர் ‘கார்ன்ஹஸ்கர்ஸ்’, அதாவது மக்காச்சோளக் கதிரின் தோகையை உரிப்பவர்கள். விவசாயிகளுக்கு இதைவிட நெருக்கமான பெயர் ஏது?

அவர்களுடைய மெமோரியல் ஸ்டேடியம் 1923இல் திறக்கப்பட்டது. 1962ஆம் ஆண்டு இலையுதிர் காலம் தொடங்கி இன்றுவரை அங்கு நடந்த ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சீட்டுகள் முழுவதும் விற்றுப்போயிருக்கின்றன என்பது அவர்களின் கணக்கு. ஆட்டம் நடக்கும் சனிக்கிழமையன்று ஓமஹா, லிங்கன் என்னும் இரண்டு நகரங்களுக்கு அடுத்தபடியாக மாநிலத்தில் அதிக ஜனங்கள் கூடியிருக்கும் இடம் அந்த மைதானமே. தோற்றுப்போனாலும் எதிரணியினர் மைதானத்தைவிட்டு வெளியேறும்போது எழுந்து நின்று கைதட்டுவது அந்த ரசிகர்களின் நெடுநாள் வழக்கம். இதை முன்னதாகவே சொல்லிவைக்கிறேன். நான் மேலே எழுதப்போகிற காரியங்களை வாசித்துவிட்டு, அவர்களைப் பொல்லாத ஜனங்கள் என்று நீங்கள் எண்ணிவிடக் கூடாது.

1961 வரை அந்த அணி தொடர்ந்து பல ஆண்டுகள் தோல்விகளையே கண்டுவந்தது. 1962இல் பாப் டெவேனி என்பவர் தலைமைப் பயிற்சியாளராக வந்தார். 1970, 1971 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் தேசியப் பட்டம் கிடைத்தது. 1973இல் அவருடைய உதவியாளர் டாம் ஆஸ்போர்ன் பொறுப்பேற்றார். அவர் 25 ஆண்டுகள் அப்பொறுப்பில் இருந்தார். 255 வெற்றிகள், 49 தோல்விகள், 3 சமநிலைகள். எந்த ஓர் ஆண்டிலும் ஒன்பது வெற்றிகளுக்குக் குறைந்ததில்லை. 1994, 1995, 1997 ஆகிய ஆண்டுகளில் தேசியப் பட்டங்கள் வந்தன. கடைசி ஐந்து ஆண்டுகளில் அவருடைய அணி 60 ஆட்டங்களில் வென்று மூன்றில் மட்டுமே தோற்றது.

இன்று ஆஸ்போர்னின் பெயரைக் கேட்டவுடன் தலைவணங்குகிறவர்கள் மறந்துவிடுகிற ஒன்று உண்டு. முதல் தேசியப் பட்டம் அவருக்குக் கிடைத்தது 22ஆம் ஆண்டில்! முதல் ஐந்து ஆண்டுகளும் பிரதான எதிரியாகிய ஓக்லஹோமாவிடம் அவர் தோற்றார். பெரிய ஆட்டத்தை வெல்லத் தெரியாதவர் என்ற பேச்சு அவரைச் சுற்றிக்கொண்டே இருந்தது. 1978ஆம் ஆண்டின் ஆட்டங்கள் முடிந்தபோது கொலராடோ பல்கலைக்கழகத்தின் அழைப்பை ஏற்று அவ்வூர்வரை போய்ப் பார்த்துவிட்டும் வந்தார். 1984 ஜனவரியில் மயாமி அணியோடு நடந்த இறுதி ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில், எளிதாக ஒரு புள்ளியை எடுத்துச் சமநிலை செய்திருந்தால் பட்டம் ஏறக்குறைய உறுதி. அவரோ வெற்றிக்காகவே ஆடத் துணிந்து இரண்டு புள்ளிகளுக்கு முயன்றார். முயற்சி கைகூடவில்லை, 31–30 என்று தோற்றார். தம் விசுவாசத்தை மறைக்காமல் அறிக்கையிட்டு வாழ்ந்த அந்த மனிதரை, அதற்குப் பின்னும் பத்து ஆண்டுகள் பட்டமின்றி வைத்திருந்து பொறுத்துக்கொண்டது அந்த ஊர். அந்தப் பொறுமை இல்லாதிருந்தால் 1990களின் மகிமை வந்திராது.

(ஓர் இடைக்குறிப்பு: பயிற்சியாளர் பொறுப்பை விட்டபின் ஆஸ்போர்ன் மூன்று தவணைகள் அமெரிக்கப் பாராளுமன்ற உறுப்பினராக இருந்தார். 2006இல் மாநில ஆளுநர் பதவிக்கு வேட்பாளராக விரும்பியபோதோ, கட்சிக்குள் நடந்த தேர்தலில் தோற்கடிக்கப்பட்டார். ஜனங்களின் அன்புக்கும் ஓர் எல்லைக்கோடு உண்டு போலும்.)

1998இல் ஃபிராங்க் சோலிச் வந்தார். டெவேனியின் கீழ் விளையாடியவர், ஆஸ்போர்னோடு 19 ஆண்டுகள் உதவியாளராக உழைத்தவர், ஆஸ்போர்னே முன்மொழிந்தவர். யோசுவாவைப்போல் கூடவே நின்று வளர்ந்த மனிதர் என்று சொல்லலாம். ஆறு ஆண்டுகளில் 58 ஆட்டங்களில் வென்றார், 19இல் தோற்றார். 2001ஆம் ஆண்டின் அணியைத் தேசியப் பட்டத்துக்கான இறுதி ஆட்டம்வரை கொண்டுபோனார், அதில் தோல்வி. அடுத்த ஆண்டு ஏழு வெற்றி, ஏழு தோல்வி என்று சரிந்தது. 2003இல் மீண்டெழுந்து ஒன்பது வெற்றி, மூன்று தோல்வி என்று நிமிர்ந்த அந்த நவம்பர் மாதத்திலேயே அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். இந்த அணி நடுத்தரமான நிலைக்குச் சரிந்துபோக இடங்கொடுக்கமாட்டேன் என்ற பொருளில் அன்றைய விளையாட்டுத் துறை இயக்குநர் ஸ்டீவ் பீடர்சன் காரணம் சொன்னார்.

மோசே மரித்தபோது இஸ்ரவேலர் முப்பது நாள் அழுது துக்கங்கொண்டாடினார்கள் என்றும், அதன்பின் துக்கநாட்கள் முடிந்தன என்றும் உபாகமத்தின் கடைசி அதிகாரம் நாள்கணக்கோடு சொல்லுகிறது. நெப்ராஸ்காவில் அந்த முப்பது நாட்கள் முடியவே இல்லை. ஆஸ்போர்ன் உயிரோடிருந்தார், அவருடைய எண்களும் உயிரோடிருந்தன. ஒன்பது என்பது ஆஸ்போர்னின் காலத்தில் குறைந்தபட்சம். சோலிச்சின் காலத்தில் அதே ஒன்பது குற்றச்சாட்டாயிற்று.

சோலிச்சிடம் குறைகளே இல்லை என்று நான் வாதாடவில்லை. ஆனால் அவரை எந்த அளவுகோலால் அளந்தார்களோ, அதைச் செய்துகொடுத்த சூழ்நிலைகள் அதற்குள் மாறிவிட்டிருந்தன. இதை ஒருவரும் உட்கார்ந்து பேசியதாகத் தெரியவில்லை. வீரர்களுக்கு முறையான எடைப்பயிற்சி கொடுக்க 1969லேயே தனிப் பயிற்சியாளரை அமர்த்திய பல்கலைக்கழகம் அது. பின்னர் எல்லாரும் அதைக் கற்றுக்கொண்டார்கள். உதவித்தொகை இல்லாமல் தாமாக வந்து அணியில் சேரும் கிராமத்துப் பிள்ளைகளை ஆண்டுக்கணக்காக வளர்த்து வீரர்களாக்குவது அவர்களின் பெரிய பலம். ஓர் அணிக்கு இத்தனை உதவித்தொகைகள் மட்டுமே என்ற வரம்பு படிப்படியாக இறுகி, பெரிய பல்கலைக்கழகங்களெல்லாம் ஒரே அளவில் வந்து நின்றன. ஒருகாலத்தில் சில அணிகளின் ஆட்டங்களே தொலைக்காட்சியில் வந்தன. பிறகு எல்லாருடைய ஆட்டமும் வந்தது. வெயிலும் கடற்கரையும் உள்ள மாநிலத்தில் பிறந்த ஒரு திறமையான இளைஞன் குளிர்ந்த லிங்கனுக்கு வர ஒரு காரணம் குறைந்தது. 2011இல் பழைய கூட்டமைப்பைவிட்டுப் புதிய கூட்டமைப்புக்கு மாறியபோது, நெடுநாளாக வீரர்களைத் தேடிவந்த டெக்சாஸ் மாநிலத்தோடு இருந்த தொடர்பும் தளர்ந்தது.

சோலிச்சுக்குப் பின் தொழில்முறை ஆட்டத்திலிருந்து பில் காலஹன் வந்தார். வந்த ஆண்டிலேயே, 1961க்குப் பின் முதல்முறையாக, வெற்றிகளைவிடத் தோல்விகள் மிகுந்தன. 35 ஆண்டுகள் இடைவிடாமல் ஆண்டிறுதிக் கோப்பை ஆட்டத்துக்குப் போன வழக்கமும் அறுந்தது. நான்கு ஆண்டுகளில் அவரும் போனார். அவரை நியமித்த இயக்குநர் அவருக்கும் முன்னே போனார். அந்த இடத்துக்கு ஆஸ்போர்னே திரும்ப அழைக்கப்பட்டார். போ பெலினியை அவர் நியமித்தார்.

பெலினியின் ஏழு ஆண்டுகளைத்தான் நான் அதிகமாக யோசித்திருக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் ஒன்பது அல்லது பத்து வெற்றிகள். ஒருமுறைகூடக் குறையவில்லை. கோபக்காரர், வாய்க்கட்டுப்பாடு இல்லாதவர். 2011இல் ஒஹாயோ ஸ்டேட் அணியோடு நடந்த ஆட்டத்தில் நெப்ராஸ்கா 27–6 என்று பின்தங்கியபோது ரசிகர்களில் பலர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். அணியோ திரும்ப எழும்பி 34–27 என்று வென்றது. பாதியில் போனவர்களைப் பெலினி தனியறையில் கடுமையான சொற்களால் ஏசினார். அந்த ஒலிப்பதிவு இரண்டு ஆண்டுகளுக்குப் பின் வெளியே வந்தது. அவர் பேசிய வார்த்தைகளை நான் ஆதரிக்க முடியாது. ஆனால் அந்தக் கோபத்துக்குள் இருந்த காயம் எனக்கு விளங்குகிறது. ஜெயித்தும் போதவில்லை என்று ஒவ்வொரு வாரமும் கேட்கிற மனிதன், ஒருநாள் தோற்றுக்கொண்டிருக்கும்போது எழுந்து போகிறவர்களின் முதுகைக் கண்டால் என்ன செய்வான்? 2014 நவம்பரில், மறுபடியும் ஒன்பது வெற்றி, மூன்று தோல்வி என்ற அதே கணக்கோடு, அவரும் நீக்கப்பட்டார்.

மைக் ரைலி வந்தார். மூன்று ஆண்டுகளில் 19 வெற்றிகள், 19 தோல்விகள். பின்பு ஸ்காட் ஃபிராஸ்ட். இந்த நியமனம் நடந்தபோது மாநிலமே கொண்டாடியது. நெப்ராஸ்காவின் மண்ணில் வளர்ந்த மகன். 1997இல் ஆஸ்போர்னின் கடைசிப் பட்டத்தை வென்ற அணியில் பந்தைக் கையாண்டு வழிநடத்தியவர். ஃபுளோரிடாவில் தாம் பயிற்றுவித்த அணியை 2017இல் ஒரு தோல்வியும் இல்லாமல் நடத்திக் காட்டியவர். பழைய நாட்கள் மனித உருவில் வீடு திரும்பியதுபோல இருந்தது அவர்களுக்கு.

முதல் ஆறு ஆட்டங்களிலும் தோல்வி. 2021இல் மூன்று வெற்றி, ஒன்பது தோல்வி. அந்த ஒன்பதில் ஒன்றிலேனும் பத்துப் புள்ளி வித்தியாசம் இல்லை. கைக்கெட்டும் தூரத்தில் வந்து ஒவ்வொன்றும் நழுவிப்போனது. 2022 செப்டம்பரில் ஜார்ஜியா சதர்ன் என்னும் சிறிய அணியிடம் சொந்த மைதானத்திலேயே 45–42 என்று தோற்ற மறுநாள் ஃபிராஸ்ட் நீக்கப்பட்டார். அக்டோபர் முதல் தேதிவரை பொறுத்திருந்தால் அவருக்குக் கொடுக்கவேண்டிய இழப்பீடு ஒன்றரைக் கோடி டாலரிலிருந்து பாதியாகக் குறைந்திருக்கும். இன்னும் மூன்று வாரம் பொறுக்க அவர்களால் கூடவில்லை. ஆஸ்போர்னுக்கு 22 ஆண்டுகள் கொடுத்த அதே ஊர்.

ஒரு மனிதரை எண்ணி இன்னொரு மனிதரை அளக்கும் வழக்கம் சோள வயல்களுக்கு மட்டும் உரியதன்று. புதிய போதகர் வந்த முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்து வாசலில் நின்று பேசிக்கொள்வது எதைப்பற்றி என்று உங்களுக்கே தெரியும். அதைப்பற்றி நான் மேலும் எழுதினால் சொந்த வழக்கைப் பேசுவதாகிவிடும்.

அந்த மைதானத்தின் வெளிச்சுவரில், கட்டப்பட்ட காலத்தில், ஹார்ட்லி பர் அலெக்சாண்டர் என்னும் தத்துவப் பேராசிரியர் இயற்றிய வாசகங்களைக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். வெற்றியைவிடச் செயல் பெரிது, அடையும் இலக்கைவிட ஆடும் ஆட்டம் பெரிது என்பது அவற்றுள் ஒன்றின் கருத்து. சோலிச்சை நீக்கியபோதும் பெலினியை நீக்கியபோதும் அந்தக் கல் அங்கேதான் இருந்தது. அதே வாசல்கள் வழியாகத்தான், இருபது ஆண்டுகள் ஏமாற்றத்துக்குப் பின்னும், ஜனங்கள் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். 2021இல் சீட்டுகள் மீந்தபோது வசதியுள்ளவர்கள் அவற்றை வாங்கி, வாய்ப்பில்லாத பிள்ளைகளுக்குக் கொடுத்து அந்தத் தொடர்ச்சியைக் காப்பாற்றினார்கள். கணக்கைக் காக்கச் செய்த தந்திரம் என்று சிலர் ஏளனம் பேசினார்கள். இருக்கட்டும், அந்தப் பிள்ளைகளுக்கு அது ஒரு சனிக்கிழமை.

சோலிச் கசப்போடு ஒதுங்கிவிடவில்லை. ஒஹாயோ மாநிலத்தில் ஒரு சிறிய பல்கலைக்கழக அணியை எடுத்து 16 பருவங்கள் நடத்தினார். தம் கூட்டமைப்பின் வரலாற்றில் அதிக வெற்றிகள் பெற்ற பயிற்சியாளரானார். 2022 ஏப்ரலில், நீக்கப்பட்டு 18 ஆண்டுகளுக்குப் பின், லிங்கன் மைதானத்துக்கு அழைக்கப்பட்டுக் கௌரவிக்கப்பட்டார். அவருடைய ஒன்பது வெற்றிகளின் விலை அதற்குள் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இப்பொழுது அங்கே பயிற்சியாளர் மேட் ரூல். முதல் ஆண்டு ஐந்து வெற்றிகள். இரண்டாம் ஆண்டாகிய 2024இல், நவம்பர் 23ஆம் தேதி, விஸ்கான்சின் அணியை 44–25 என்று வென்றார்கள். அது அந்தப் பருவத்தின் ஆறாவது வெற்றி. ஆண்டிறுதிக் கோப்பை ஆட்டத்துக்குப் போக ஆறு போதும். 2016க்குப் பின் அதுவரை அவர்கள் அங்கே போயிருக்கவில்லை.

எஸ்றாவின் நாட்களில் ஆலயத்துக்குப் புதிய அஸ்திபாரம் போடப்பட்டபோது, முந்தின ஆலயத்தைக் கண்டிருந்த முதியவர்கள் அழுதார்கள், மற்றவர்கள் ஆர்ப்பரித்தார்கள். எது அழுகை, எது ஆர்ப்பரிப்பு என்று பிரித்தறிய முடியவில்லை. விஸ்கான்சினோடு ஆட்டம் முடிந்தவுடன் ரசிகர்கள் தடுப்புகளைத் தாண்டி மைதானத்துக்குள் வெள்ளமாய் ஓடினார்கள். ஓடிய மாணவர்களில் பெரும்பாலோர் 1997இல் பிறந்திருக்கவும் இல்லை. ஒன்பது போதாது என்று இரண்டு பேரை அனுப்பிய மைதானத்தில், ஆறுக்காகப் புல்தரைமேல் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள்.